பேங்காக் டிஷர்ட்

ரக்ஷனா மூன்றாவது இழுப்பறையைத் தரையில் இறக்கி, மேலே இருந்த டிஷர்ட்டை உதறி முதுகுப் பக்கத்தைப் பார்த்தாள். ஓசாகா, மணிலா, ஜகார்த்தா. பேங்காக் இல்லை. மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

எல்லாமே கறுப்பு. முன்னால் மண்டையோடு, தீ, எலும்புக் கை, சிலவற்றில் மூன்றும். பின்னால் இசைக்குழு சுற்றி வந்த ஊர்களின் பெயர்கள், பொடி எழுத்தில். அப்பா இவற்றை ஏதோ ஒரு வரிசையில்தான் அடுக்கியிருந்தார். ஆண்டு வரிசை இல்லை. குழு வரிசையும் இல்லை. அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அதன் காரணம் பிடிபட்டுவிடும். இது பிடிபடவில்லை.

"ரக்ஷனா."

அம்மாவின் அண்ணன் சுந்தரேசன் மாமா அறை வாசலில் நின்றார். தேக்கா சந்தையிலிருந்து மாலை வாங்கிக்கொண்டு இப்போதுதான் வந்திருந்தார். மாலையின் ஈரம் சட்டைத் தோளில் இறங்கியிருந்தது.

"அவருக்கு வேட்டி சட்டைதான் நேத்தே போட்டாச்சே. இன்னும் என்னத்தத் தேடுற?"

"ஒரு டிஷர்ட் மாமா. அப்பாகூட வைக்கணும்."

மாமா கட்டிலைப் பார்த்தார். "இதுல ஒன்னா? போற எடத்துல இருக்கவங்க பயந்துடப் போறாங்கம்மா."

அவள் சிரிக்கவில்லை. மாமாவும் சிரிக்கவில்லை. அப்பாவை அவர் எப்போதும் இப்படித்தான் கிண்டல் செய்வார். இன்றைக்கு அதை எங்கே நிறுத்துவது என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

"கேஸ்கட் கம்பெனிக்காரங்க சாப்பாடு முடிஞ்சதும் பெட்டிய மூடிடுவாங்க. மண்டாய்ல தகனத்துக்கு டைம் குடுத்துட்டாங்க. சீக்கிரம் கீழ வா."

சென்ற வாரம் மருத்துவமனையில் அப்பா கேட்டிருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டார்.

"ரக்ஷ், நாளைக்கு வர்றப்ப அந்த பேங்காக் டிஷர்ட்ட எடுத்துட்டு வர்றியா?"

"இங்க ஹாஸ்பிடல் கவுன்தான் போட விடுவாங்கப்பா."

"ம். அதுவும் சரிதான்லா."

பக்கத்துப் படுக்கையில் இருந்த சீனப் பெரியவரின் குடும்பம் முழுவதும் அவரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. அவர்கள் முன்னால் பையிலிருந்து ஒரு மண்டையோட்டை எடுத்து விரிப்பதை ரக்ஷனா நினைத்துப் பார்த்தாள். மறுநாள் கோடு போட்ட புது பைஜாமா ஒன்றைக் கொண்டுபோனாள். அப்பா பையைத் திறந்து பார்த்தார். "காட்டனா? சாஃப்டா இருக்கு," என்றார். மறுபடி கேட்கவில்லை. நேற்றுக் காலை அவருடைய இதயம் நின்றபோது, பைஜாமா விலைச் சீட்டோடு படுக்கையருகே மேசையில் இருந்தது.

அதனால்தான் இந்தத் தேடல். பெட்டி மூடுவதற்குள் அவர் கேட்டதை அவரோடு வைத்துவிட வேண்டும். ஆனால் அப்பா பேங்காக் டிஷர்ட் என்று எதைச் சொன்னார் என்பது அவளுக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை.

தெரியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா தனசேகரன், பூன் லே பக்கத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலை நாள்களில் கம்பெனிச் சட்டை. வீட்டுக்கு வந்து குளித்ததும் டிஷர்ட். ஹாலில் சாமி அலமாரி இருந்தது. சாமிக்கு எதிரே மண்டையோட்டோடு உட்காரக் கூடாது என்று அம்மா கல்யாணமான புதிதில் சொல்லிவிட்டாளாம். அப்பா வாதாடவில்லை. டிஷர்ட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டுக்குள் எல்லாமே திருப்பித்தான். தையல் தெரிய டிவி பார்ப்பார், தையல் தெரிய மீன் கழுவுவார். வெளியே கிளம்பும்போது வாசலில் நின்று நேராக மாற்றிக்கொள்வார். ஒருமுறை எதிர்வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்தபோது அவர் தலை டிஷர்ட்டுக்குள் மாட்டியிருந்தது. உள்ளிருந்தே "குட் மார்னிங்" சொன்னார்.

அவளுக்கு அப்பாவின் டிஷர்ட்டுகள் என்றால் தையல்கள்தான் நினைவில் இருந்தன. வெளியே அவரோடு போவதை உயர்நிலைப் பள்ளியிலேயே குறைத்துக்கொண்டுவிட்டாள்.

முதுகில் பேங்காக் என்று இருந்தவை நாலு கிடைத்தன. அவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். வேர்க்கடலைத் தட்டுகள், பாக்கெட் பானங்கள். சுழல்விசிறிகள் ஊதுவத்திப் புகையை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தன. சொந்தக்காரர்கள் எல்லாரும் வெள்ளையில் வந்திருந்தார்கள். கடைசி மேசையில் மட்டும் கறுப்பு. நரைத்த தலைகள், தொப்பைகள், தொப்பைமேல் மண்டையோடுகள். அப்பாவோடு இசை நிகழ்ச்சிகளுக்குப் போகிறவர்கள். அவர்கள் எழுந்து போய்ப் பெட்டியருகே நின்றபோது சுற்றியிருந்த பேச்சு நின்றிருந்தது என்று மாமா காலையில் சொன்னார்.

அந்த மேசையில் ஒருவர் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஸைஃப் அங்கிள். அப்பாவின் முதல் கம்பெனிச் சிநேகிதர். அவள் வருவதைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. சாப்டியா?"

"ம். நீங்க மட்டும் வெள்ளை போட்டுட்டு வந்திருக்கீங்க."

"உங்கம்மாவ நெனச்சு மாத்திக்கிட்டேன். இப்பத்தான் தப்புன்னு தெரியுது. இவனுங்க எல்லாம் சரியா வந்திருக்கானுங்க. சேகர் பாத்தா, என்னடா பேங்க் இன்டர்வியூக்குப் போறியான்னு கேப்பான்."

மேசையில் யாரோ சிரித்து, பிறகு இருமி அதை மறைத்தார்கள்.

அவள் பையிலிருந்து நான்கையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். "அங்கிள், அப்பா பேங்காக் டிஷர்ட்னு சொல்வாங்களே, அது இதுல எது? பெட்டியில வைக்கணும்."

ஸைஃப் முதல் மூன்றைத் தள்ளிவிட்டார். நான்காவதை எடுத்து முன்பக்கம் தெரிய விரித்தார். அதில் மண்டையோடு இல்லை. தீ இல்லை. நெஞ்சின் நடுவில் துருப்பிடித்த நிறத்தில் Fe₂O₃ என்று மட்டும் இருந்தது. கீழே சின்னதாக ரஸ்ட் பிரிகேட் என்று குழுவின் பெயர்.

ரக்ஷனா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே அறையில் அவள் இதன் முதுகை மட்டுமே பார்த்திருந்தாள். வீட்டில் இது திருப்பிய நிலையில் எத்தனையோ முறை அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கும்.

"இதுவா?"

"இதோட ஜோடி. இது அவன் போடறது. பேங்காக் டிஷர்ட்னு அவன் சொல்றது உன்னோடதம்மா. ரெண்டு வாங்கினான்ல. இவனுக்கு எக்ஸ்எல், உனக்கு எஸ்." ஸைஃப் துணியை நீவினார். "சொல்லலியா உங்கிட்ட? ஷோ முடிஞ்சு டிஷர்ட் ஸ்டால்ல அவ்ளோ கூட்டம். எல்லாத்துலயும் மண்டையோடு. இவன் அந்த தாய்லாந்துப் பொண்ணுகிட்ட, மகளுக்கு வேணும், மண்டையோடு வேணாம்ங்கறான். அதுக்கு இங்கிலீஷ் வரல. தன் மண்டையத் தட்டித் தட்டிக் காட்டி, நோ, நோங்கறான். அது இவனுக்குத் தலவலின்னு நெனச்சு மாத்திரைய நீட்டுது."

கறுப்பு மேசை மறுபடி சிரித்தது. இந்த முறை யாரும் இருமவில்லை.

"கடைசியில அடிப்பெட்டியிலேர்ந்து இத எடுத்துச்சு. என்னன்னு எங்க ரெண்டு பேருக்கும் புரியல. நான் போன்ல தட்டிப் பாத்து, துருவோட ஃபார்முலாடா, கெமிஸ்ட்ரின்னேன். அவ்ளோதான். என் மக சப்ஜெக்ட்டு, என் மக சப்ஜெக்ட்டுன்னு ஏர்போர்ட் வரைக்கும் அதே பேச்சு." அவர் நிமிர்ந்தார். "ஆஸ்பத்திரியில நான் போன அன்னிக்குக்கூட, ரக்ஷனா அத போட்டுட்டு வந்தா ஒரு போட்டோ எடுக்கணும்டா, ரெண்டு பேரும் ஒரே மாதிரின்னான். உங்கிட்டக் கேட்டானா?"

"எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"போட்டுட்டு வான்னு சொல்லக் கூச்சப்பட்டிருப்பான். வீட்ல இருக்குல்ல? அதையே வைம்மா. இது கெடக்கட்டும்."

"இருக்கு அங்கிள்," என்றாள் ரக்ஷனா.

லிஃப்ட்டில் மேலே போகும்போது அந்த எக்ஸ்எல் டிஷர்ட் அவள் கையில் இருந்தது.

அந்த எஸ் டிஷர்ட் வந்தபோது அவள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. அப்பா பேங்காக்கிலிருந்து வந்த இரவு அவள் ஆய்வக அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். மேசை ஓரத்தில் அவர் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்தார். உள்ளே கறுப்புத் துணி தெரிந்தது. "தேங்க்ஸ்ப்பா" என்றாள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அவள் உறையைப் பிரிக்கவில்லை. அது அலமாரியில் இருந்தது. இடையில் ஒருமுறை, "போட்டுப் பாத்தியா? சைஸ் சரியா இருக்கா?" என்று கேட்டார். "சரியா இருக்குப்பா," என்றாள். அந்த ஆண்டு தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, பழைய துணி சேகரிக்க வருகிறவர்களுக்கான பையில் உறையோடு போட்டாள். மண்டையோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் நினைத்தாள்.

வீட்டில் அம்மா தன் அலமாரி முன் நின்று எதையோ எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். நெற்றியில் பொட்டு இன்னும் இருந்தது. ரக்ஷனா தன் அலமாரியைத் திறந்தாள். இல்லை என்று தெரிந்தும் மேல் தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை ஒவ்வொரு துணியாக எடுத்துப் பார்த்தாள். பழைய பல்கலைக்கழக ஜாக்கெட்டின் அடியில் பார்த்தாள். படுக்கை விரிப்புகளுக்கு இடையில் பார்த்தாள்.

"என்னடி தேடுற?"

"அப்பா பேங்காக்லேர்ந்து எனக்கு வாங்கிட்டு வந்த டிஷர்ட்."

அம்மா மகளின் பின்னால் வந்து நின்றாள்.

"அததான் நீ துணிப் பையில போட்டுட்டியே."

"ஒனக்குத் தெரியுமா?"

"பைய நான்தானே கட்டிக் கீழ கொண்டுபோய் வச்சேன்." அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். "எடுத்து வச்சிருக்கலாம். எனக்கும் அந்தக் கறுப்புக் கர்மம் வீட்டுல ஒன்னு கொறஞ்சா நல்லதுன்னு இருந்துச்சு."

"அப்பாவுக்கு?"

"கேட்டாரு ஒரு தடவ. அவ அத போட்டே நான் பாக்கலியே மங்களம்னாரு. பத்திரமா வச்சிருக்கா, வேலைக்குப் போட்டா கெமிக்கல் பட்டுடுமாம்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாரு. அதான் கரெக்ட்டு, பட்டா போவாதுன்னாரு."

அம்மா மகளின் கையிலிருந்த டிஷர்ட்டை வாங்கினாள். முதல் தடவையாக அதை நேராக விரித்துப் பிடித்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள்.

"இதுல ஒன்னுமே இல்லையேடி."

"ஆமா."

"இத எதுக்குத் திருப்பிப் போட்டாரு?"

அம்மா ரக்ஷனாவிடம் கேட்டதாகத் தோன்றவில்லை. டிஷர்ட்டை மடியில் வைத்து, கைகளை உள்ளே மடக்கி, ஓரம் ஓரமாகச் சேர்த்து, கடையில் வைத்திருப்பதுபோல் மடித்துக் கொடுத்தாள். கீழேயிருந்து மாமா போன் செய்தார்.

வாய்க்கரிசி போட வரிசை நின்றிருந்தது. அப்பா பட்டு வேட்டியில், முழுக்கைச் சட்டையில், யாருடைய கல்யாணத்துக்கோ போகக் கிளம்பியவர்போல் இருந்தார். முகத்தில் பூசியிருந்த பவுடர் அவர் நிறத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அம்மா போட்டாள். மாமா போட்டார். ரக்ஷனா போட்டாள். பெட்டியின் தலைமாட்டில் நின்ற கம்பெனிக்காரர் மெல்லிய குரலில், "உள்ள ஏதாச்சும் வைக்கணும்னா இப்ப வச்சிடுங்க," என்றார்.

கறுப்பு டிஷர்ட் ஆட்கள் எழுந்து அருகே வந்து நின்றார்கள். ஸைஃப் அவர்களுக்கு முன்னால் இருந்தார். அவர் முகத்தில் ஒரு காத்திருப்பு தெரிந்தது.

ரக்ஷனா மடித்த டிஷர்ட்டை அப்பாவின் கைகளுக்குக் கீழே வயிற்றின்மேல் வைத்தாள். எழுத்துகள் மேலே தெரிந்தன. Fe₂O₃. மாமா எட்டிப் பார்த்து, மண்டையோடு இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, தலையசைத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஸைஃப் கிட்டே வந்தார். டிஷர்ட்டைப் பார்த்தார். பிறகு அதன் கழுத்துப் பகுதியைப் பார்த்தார். அங்கே, பல சலவைகளில் ஓரம் சுருண்ட வெள்ளை லேபிள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்எல். அவர் பார்வை அதிலேயே நின்றது. ரக்ஷனா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் மூடியைத் தூக்கினார்கள்.

ஸைஃப் குனிந்து ஒரு விரலால் லேபிளைக் கழுத்துக்குள் தள்ளினார். அது மறுபடி நிமிர்ந்துகொண்டது. இன்னும் உள்ளே தள்ளி, மேலே துணியை ஒருமுறை அழுத்தி நீவினார். அவளைப் பார்க்காமல், மூடிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.