டீக்கடைக்குத் திரும்பிய சாமி

கிள்ளை ஊரில் சாமி ஊர்வலத்துக்கு மேளக்காரர் வரவில்லை. கம்ப்யூட்டர் படித்த உள்ளூர்ப் பெண் மோகனப்பிரியா லேப்டாப்பில் தாளத்துக்கு ஒரு புரோகிராம் எழுதி ஸ்பீக்கரில் ஓடவிட்டாள்.

"வேகமாப் போடும்மா!" என்று சாமி தூக்கியவர்கள் கத்தினார்கள். அவளும் அவசரக்குடுக்கையாக, நாலடித் தாளம் பாதியில் இருக்கும்போதே வேகமான மூன்றடிக்கு மாற்றிவிட்டாள். புரோகிராமில் ஏற்கெனவே வரிசையில் நின்ற பழைய தாளத்தின் அடிகளும் புதிய அடிகளும் சேர்ந்து விழுந்தன. முன்னால் தூக்கியவர்கள் ஓட, பின்னால் தூக்கியவர்கள் நடக்க, சாமி ஒரு சுற்றுச் சுற்றி டீக்கடை வாசலில் போய் நின்றது.

மறுவருஷம், ஒரு தாளம் முழுசாக முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும்படி திருத்தியிருந்தாள். சாமி நேராகப் போனது.

டீக்கடைச் சின்னப்பிள்ளை கற்பூரத் தட்டோடு ஓடிவந்தார்.

"கடையத் தேடி வந்த சாமிய இப்பிடிப் போவவுட்டியே! அந்தப் பழைய புரோகிராமையே போடும்மா!"