யார் தூண்டிலில் விழுந்தது?

ஓசார்க் மலைகளுக்கு நடுவே உள்ள அந்த ஏரியில், வசந்தம் பிறந்ததும் கணவன் மனைவி ஜோடிகளுக்கென்று பாஸ் மீன் போட்டி நடக்கும். தூண்டில் கடைக்காரன் ராய்ஸ்தான் நடத்துவான். லோவெல் டாக்கெட் அதில் பலமுறை ஜெயித்தவன். கைவலை பிடிக்க மட்டுமே கூட வந்துகொண்டிருந்த அவன் மனைவி ஆர்லீன், அந்த வருடம் தனக்கென்று ஒரு மெல்லிய தூண்டிலோடு படகில் ஏறினாள். தூண்டில் நரம்பின் முனையில் பட்டாணி அளவு ஈயத்தலை வைத்த கொக்கி. அதில் சுண்டுவிரல் நீளத்தில் பச்சை ரப்பர் புழு.

"இதென்ன, மீனு பல்லு குத்தறதுக்கா?" என்றான் லோவெல்.

"உன்னோடதப் பாத்தா மீனு பயந்து ஓடும். பேசாம வீசு."

முந்தின இரவு அடித்த குளிரில் மீன்கள் மந்தமாகக் கிடந்தன. லோவெல் மீன் போலச் செதுக்கிய பெரிய மரமீனை வீசி வீசி இழுத்தான், ஒன்றும் கடிக்கவில்லை. ஆர்லீன் புழுவைச் சரளைக்கல் மேல் இறங்கவிட்டு, காத்திருந்து, கம்பு நுனியை லேசாக நடுக்கினாள். அன்று படகில் மீன் போடும் தொட்டிக்குள் போன ஐந்து மீனும் அவள் பிடித்தவை. கடைசி மீன்தான் பெரியது. படகோரம் வந்ததும் நரம்பு அறுந்தது. லோவெல் பாய்ந்து வலையில் அள்ளினான்.

"நீ இல்லேன்னா போயிருக்கும்" என்றாள் அவள்.

எடை போடும் மேடையில் ராய்ஸ் மைக்கை நீட்டினான். "லோவெலு, பெரிசு யார் தூண்டில்ல விழுந்துச்சு?"

பொய் சொல்ல வேண்டும் என்று அவன் நினைத்து வரவில்லை. எதிரே எல்லாம் தெரிந்த முகங்கள்.

"என்னோடதுலதான். விடாம வீசிட்டே இருந்தேன்."

ஆர்லீன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராய்ஸ் மீனின் வாயைத் திறந்து தூக்கினான், உள்ளே பார்த்தான், இடுக்கியை நுழைத்துத் தொண்டையிலிருந்து எதையோ உருவினான். பச்சைப் புழு.

"உன் பெரிய மரமீனு தண்ணி பட்டதும் சுருங்கிருச்சா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. லோவெலுக்குக் காது மடல் எரிந்தது. ஆர்லீன் மைக் பக்கம் குனிந்தாள்.

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வீசினோம். அவருக்கு ஞாபகம் இருக்காது."

பொய்யே சொல்லத் தெரியாதவள். கூட்டத்தின் சிரிப்பைக்கூடத் தாங்கிவிடலாம், இதைத் தாங்க முடியாது போலிருந்தது அவனுக்கு. பரிசுப் பலகையை வாங்கும்போது அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

வண்டியில், "ஆர்லீன்..." என்று ஆரம்பித்தான்.

"என்கிட்ட எதுக்கு? எனக்குத்தான் நடந்தது தெரியுமே" என்றவள், பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, "என்னையும் பொய் சொல்ல வெச்சுட்டியே" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ராய்ஸ் கடையில் அதே ஆட்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். லோவெல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அஞ்சு மீனும் அவ புடிச்சது. எனக்கு ஒண்ணுகூடக் கடிக்கல. நான் பொய் சொன்னேன். என்னைக் காப்பாத்த அவளும் சொன்னா."

கேலிக்குத் தயாராக நின்றான். யாரும் வாய் திறக்கவில்லை. ராய்ஸ் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். அதில் உட்கார அவனுக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆர்லீன் கொக்கி கட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்."

"சிரிச்சாங்களா?"

"இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்" என்றாள்.