டீக்கு ஒரு பாய்

பெரம்பலூர் துறையூர் ரோட்டில் இருக்கும் அந்த ஃபர்னிச்சர் கடையில், சக்தி ஒரு சோபாவில் உட்கார்ந்து இல்லாத டம்ளரை எடுத்து எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். முன்னால் கிடந்த டீப்பாயின் மேல் கையை நீட்டுவாள், விரலைக் குவித்து எதையோ பிடிப்பாள், வாய்க்குக் கொண்டுபோவாள், திரும்ப வைப்பாள். பிறகு எழுந்து அடுத்த டீப்பாய்க்கு முன்னால் போய் உட்கார்ந்து அதையே செய்வாள். கடைக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் லேசாகப் பயந்துவிட்டார். கண்ணாடி மேல்பலகை பாருங்க, அடியில் டிராயர் வைத்தது பாருங்க, சக்கரம் வைத்தது பாருங்க என்று அவர் சொன்ன எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தடித்த கால், கறுத்த மரம். டம்ளர் எடுக்க முதுகு நன்றாக வளைந்தது.

“அது உயரம் கம்மி மேடம். குனிஞ்சு எடுக்கணும். அதனாலதான் யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க” என்றார் கடைக்காரர்.

“அதான் வேணும். வண்டியில ஏத்துங்க” என்றாள் சக்தி.

அவள் புருசன் ராசாங்கம் வாசலிலேயே நின்றான். நல்ல மனுசன்தான். அரியலூர் சிமெண்டு ஃபேக்டரிக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டுகிறான். ரோட்டில் எவன் குறுக்கே வந்தாலும் தலையை வெளியே நீட்டி அவன் பரம்பரையையே இழுத்துவிடுவான். ஆனால் ஊருக்குள் பெரியவூட்டுக் கார் வருகிற சத்தம் கேட்டால் போதும், மடித்துக் கட்டிய கைலி தானாகக் கீழே இறங்கிவிடும். இந்த ஒன்றைத்தான் சக்தியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கலியாணமான புதிதில் சிரித்தாள், பிறகு சண்டை போட்டாள், இப்போது வீட்டையே கட்டி முடித்து, ஹாலில் எதிரெதிரே இரண்டு சோபாவும் போட்டுவிட்டாள்.

எறையூர்ப் பக்கம், கரும்பு லாரி போகிற ரோட்டை ஒட்டிய தெரு அவர்களுடையது. அந்தத் தெருவில் யாருக்கும் முன்பு காணி நிலம் கிடையாது. எல்லாரும் பெரியவூட்டுக் கொல்லையில் கரும்பு வெட்டியவர்கள். இப்போது அப்படியில்லை. ஒருவர் டிரைவர், ஒருவர் மின்சார வாரியம், ஒருவர் வாத்தியார். சக்தியே டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீசியன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் வீட்டு அலங்கார வீடியோக்கள்தான் பார்ப்பாள். அதில் வரும் பெண்கள் என்னென்னவோ சட்டம் சொன்னார்கள். டீப்பாய் சோபாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். சோபா மெத்தையைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருக்க வேண்டும். நடக்க வழி விட வேண்டும். மேலே ஒரு தட்டு, தட்டில் உயரமாக ஒன்று, பச்சையாக ஒன்று, பேசுவதற்கு ஒரு விசயம் கிடைக்கிற மாதிரி ஒன்று. சக்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், உயரத்தில் மட்டும் தன் சட்டத்தைப் போட்டாள். அந்த வீடியோப் பெண்களுக்கு டீப்பாய் அழகுக்கு. இவளுக்கு அது வேறொரு காரியத்துக்கு.

காரியம் இதுதான். இவள் ஆண்டிமடத்துக்காரி. முந்திரிக் கொல்லைக்காரர்களோடு வாய்ச்சண்டை போட்டே வளர்ந்தவள். கலியாணமாகி வந்த வருசம் பொங்கலுக்கு மாமியார் ஆண்டாயி இவளைப் பெரியவூட்டுக்குக் கூட்டிப்போனாள். முன்வாசல் வழியாக இல்லை, மாட்டுக்கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்கு. அங்கே ஒரு பெண் வந்து, இரண்டு டம்ளர் டீயைத் தரையில் வைத்துவிட்டு விலகிப் போனாள். ஆண்டாயி குனிந்து எடுத்துக் குடித்தாள், கழுவினாள், ஓட்டு விளிம்பில் கவிழ்த்துச் செருகினாள். எல்லாம் மூச்சு விடுகிற மாதிரி இயல்பாக நடந்தது. சக்தி தன் டம்ளரைத் தொடவில்லை. தரையிலேயே ஆறி ஆடை படிந்து கிடந்தது. “ஏன் புள்ள குடிக்கல?” என்று வழியில் ஆண்டாயி கேட்டதற்கு, சூடு பத்தல என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வயிற்றில் விழுந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. தன் வீட்டில் அத்தை உட்கார்ந்திருக்க வேண்டும், பெரியவூட்டு ஆள் குனிந்து டீ எடுக்க வேண்டும். ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆனால் முதல் சிக்கல் அத்தையேதான். டீப்பாய் வாங்கணும் என்று சக்தி போனில் சொன்ன அன்று, ஆண்டாயி தெருவில் வந்த பாய்க்காரனை நிறுத்தி ஒரு கோரைப்பாய் வாங்கி வைத்துவிட்டாள். சிவப்புக் கோடு போட்ட நல்ல பாய். “டீக்குன்னு தனியா ஒரு பாயான்னு அவனக் கேட்டேன். எல்லாம் ஒரே பாய்தான் ஆயான்னுட்டான்” என்றாள். ராசாங்கம் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. சக்திக்கும் சிரிப்பு வந்தது, ஆனாலும் பாயைத் தூக்கிப் போடவில்லை. டீப்பாய்க்கு அடியில் ஒரு விரிப்பு வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்களே, அதற்கு இதையே விரித்துவிட்டாள். கறுத்த மரத்துக்கும் சிவப்புக் கோட்டுக்கும் அப்படிப் பொருந்தியது. மேலே வைக்கும் தட்டில், பாட்டிலில் மணிபிளாண்ட். ஒரு கிண்ணத்தில் ஊரிலிருந்து வந்த வறுத்த முந்திரி. பேசுவதற்கு ஒரு விசயம் வேண்டுமே, அதற்கு ராசாங்கம் சுரங்கத்திலிருந்து எடுத்து வந்த, நத்தை சுருண்டு கிடப்பது போன்ற கல். கடல் இருந்த காலத்துக் கல்லு என்று அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

ஆண்டாயிக்கு அந்த டீப்பாயைக் கண்டதும் உட்காருகிற மணை ஞாபகம் வந்திருக்க வேண்டும். முதல் நாளே அதன் மேல் ஏறி உட்கார்ந்து மொச்சை உரித்தாள். சக்தி கத்தினாள். சோபாவில் உட்காருங்க அத்த என்றால், அது ஆளை முழுங்குது என்பாள். கேபிள்காரன் வந்தாலும் எழுந்து நிற்பாள், பால்காரி வந்தாலும் எழுந்து நிற்பாள், அடுக்களை நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு. சுடுடம்ளரை வெறும் மரத்தில் வைத்து வெள்ளையாக வட்டம் விழ வைத்தாள். சக்தி சணலில் பின்னிய வட்ட வட்டமான வில்லைகளை வாங்கி வந்து, இனிமேல் அடியில் இதை வைத்துத்தான் டம்ளரை வைக்கணும் என்று கறாராகச் சொன்னாள்.

ஆண்டாயி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “டீக்கு ஒரு பாய்னு நான் அப்பவே சொன்னன்ல. நீங்கதான் சிரிச்சீங்க” என்றாள்.

பெரியவூட்டு வரதராசு தன் மகள் கலியாணத்துக்குப் பத்திரிகை வைத்துக்கொண்டு வருகிறார், இந்த ஞாயிற்றுக்கிழமை நம்ம தெரு என்று சேதி வந்ததும் ராசாங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாசலில் போட்டுவிடலாமா என்று கேட்டான். சக்தி பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிவிட்டான். அத்தையிடம் அவள் தனியாகச் சொன்னாள். அவர் வருவார், சோபாவில் உட்காருவார், நீங்களும் உட்காரணும், நான் டீயை நடுவில் வைப்பேன், நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது, அவரே எடுக்கட்டும். ஆண்டாயி கேட்டபடியே மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வரதராசுவை இடுப்பில் தூக்கிச் சோறு ஊட்டியவள் அவள். இன்று வரைக்கும் அவர் அவளுக்குச் சின்னய்யா, அவள் அவருக்கு வெறும் ஆண்டாயி.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. ராசாங்கத்தின் கைலி இறங்கியது. வரதராசு தனியாகத்தான் வந்தார். கார் பின்சீட்டில் வெள்ளித்தட்டும் வெற்றிலை பாக்கும் குங்குமச் சிமிழும் இருந்ததைச் சக்தி ஜன்னல் வழியே பார்த்தாள். அவை காரிலேயே இருந்தன. உள்ளே வந்து, வூட்ட ஜம்முனு கட்டிப்புட்டயே என்று ராசாங்கத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கார்ச் சாவியை டீப்பாயின் நடுவில் கல்லுக்குப் பக்கத்தில் போட்டார், சோபா நுனியில் உட்கார்ந்தார். ராசாங்கம் நின்றான். ஆண்டாயி அடுக்களை நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சக்தி சோபாவைக் கண்ணால் காட்டினாள், அத்தை நகரவில்லை. ஆனாலும் டீத்தட்டைக் கொண்டுவந்து, அவருக்கு நேராக, தாழ்ந்த அந்த மரத்தின் மேல் வைத்தாள்.

அவர் டீயைப் பார்த்தார். பிறகு ராசாங்கத்தைப் பார்த்தார்.

“டீ வேணாம்ப்பா, வெயிலு. கலரு கிலரு இருந்தா ஒரு பாட்டிலு ஒடச்சிக் குடு.”

மூடி உடைக்காத பாட்டிலில் நம்ம கை படாது, வாழைப்பழத்துக்குத் தோல் இருக்கிறது, இளநீருக்கு மட்டை இருக்கிறது. நம்ம தெருவுக்கு வருகிற பெரிய மனுசர்களின் தாகம் எப்போதும் இப்படி எதையாவது மூடிக்கொண்டுதான் இருக்கும். ராசாங்கம் அதற்குள் செருப்பைத் தேடிவிட்டான். கடைக்கு ஓடத்தான்.

“எங்க போறீங்க? உக்காருங்க. நம்ம வூட்டுல டீதான்” என்றாள் சக்தி.

ராசாங்கம் ஒரு காலில் செருப்போடு நின்றான். வரதராசுவின் மூஞ்சி கொஞ்சம் சுருங்கியது. கோபப்படவில்லை, அவர் அப்படிக் கோபப்படுகிற ஆளும் இல்லை. பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து, சக்தியைத் தாண்டி, அடுக்களைப் பக்கம் பார்த்துப் பேசினார்.

“ஆண்டாயி, பாப்பாவுக்குத் தையில கலியாணம். ரெண்டு நாளு முன்னாடியே வந்துடு. பின்கட்டுக்கு ஆளே அம்புட மாட்டேங்குது.”

சொல்லிவிட்டுப் பத்திரிகையை டீப்பாயின் ஓரத்தில் வைத்தார். குடும்பத்தோட வந்துடுங்க என்பது ஒரு வார்த்தை. முன்னாடியே வந்துடு என்பது இன்னொரு வார்த்தை. முதல் வார்த்தைக்குப் பன்னீர் தெளிப்பார்கள், இரண்டாவது வார்த்தைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும், கடைசியில் மிஞ்சியதைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பத்திரிகை உறையைச் சக்தி பார்த்தாள். பெயர் எழுதுகிற இடம் வெறுமையாக இருந்தது.

மூன்று வாரமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த பேச்செல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. கண்ணில் தண்ணீர் முட்டியது, அழுதுவிடுவோமோ என்று அவளுக்கே அவள் மேல் ஆத்திரம். எல்லாம் போச்சு. சோபா போட்டு என்ன, டீப்பாய் போட்டு என்ன, அவர் குனியவும் இல்லை, அத்தை உட்காரவும் இல்லை.

அப்போதுதான் அடுக்களை நிலையிலிருந்து ஆண்டாயியின் கை எடுபட்டது. வந்தாள். கோரைப்பாயில் கால் வைத்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, வரதராசுவுக்கு நேர் எதிரில் இருந்த சோபாவில் உட்கார்ந்தாள். அது அவளைப் பாதி முழுங்கியது. சமாளித்துக்கொண்டு முன்னால் நகர்ந்து, குனிந்து, அவருக்கென்று வைத்த டம்ளரை எடுத்தாள். ஊதினாள். ஒரு வாய் குடித்தாள்.

“வரோம் தம்பி” என்றாள்.

தம்பி. சின்னய்யா இல்லை, தம்பி. வரதராசு தனக்குப் பின்னால் வேறு யாராவது வந்து நிற்கிறார்களா என்பது போலத் திரும்பிப் பார்த்தார்.

“மவன், மருமவ, நானு. மூணு பேரும் முகூர்த்தத்துக்கு வரோம். பாப்பா எங் கையில வளந்த புள்ள, வாழ்த்தாம இருப்பனா? வாழ்த்திட்டு, மொத பந்தியில சாப்புட்டுட்டு வரோம்.”

பிறகு அவசரமே இல்லாமல் மிச்ச டீயைக் குடித்தாள். வெளியே கரும்பு லாரி ஒன்று போய் ஓய்ந்தது. குடித்து முடித்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு டீப்பாயைப் பார்த்தாள். சணல் வில்லைகள் எட்டும் தூரத்தில்தான் இருந்தன. அவற்றையும் பார்த்தாள். அப்புறம் ஒரு விரலால் பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்து, பெயர் எழுதாமல் விட்ட இடத்தில் டம்ளரை வைத்தாள்.

“அடியில ஒரு பாய் இல்லாம வைக்கக் கூடாதுன்னு எம் மருமவ சொல்லியிருக்கு” என்றாள்.

வரதராசு எழுந்துவிட்டார். வரேன் என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர், சட்டைப்பையைத் தடவினார், வேட்டி மடிப்பைத் தடவினார், நின்றார். திரும்பிப் பார்த்தார்.

ராசாங்கம் ஒரு காலில் செருப்போடு பாய்ந்தான், எடுத்துக் கொடுக்க. சக்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்தாள்.

சாவி, நத்தைக் கல்லுக்குப் பக்கத்தில், ஆண்டாயிக்கு நேர் முன்னால் கிடந்தது. டீப்பாய் ரொம்பத் தாழ்வு. டம்ளரின் அடியிலிருந்து ஈரம் உறையில் வட்டமாக ஊறிக்கொண்டிருந்தது.