பதினேழாம் நம்பர் செருப்பு

தயாரிப்பு நின்றுபோன செருப்புகள் தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் தொழிற்சாலை மாடிப்படியில் ஜோடி ஜோடியாக இறங்கின. காலில்லாமல்தான். படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் டிபன் பாக்ஸை ஒதுக்கி வழிவிட்டார்கள், வேறென்ன செய்ய? வெளிநாட்டுச் செருப்பு கப்பலில் பாதி விலைக்கு வந்து இறங்க இறங்க, முதலாளி ஒவ்வொரு ரகமாக நிறுத்திக்கொண்டே வந்தார். நிறுத்திய ரகத்துக்கு அளவும் வடிவமும் தரும் அச்சுக்கட்டையை அன்றே கேன்டீன் அடுப்பில் போட்டுவிடுவது அங்கே வழக்கம். கட்டை எரிந்த மறுநாள் அந்த ரகம் படியிறங்கும்.

பதினேழாம் நம்பரை நிறுத்திய அன்று தோல் வெட்டும் மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. இடது அடி மூன்று விரற்கடை உயர்ந்த செருப்பு அது. வாங்க ஆள் கம்மி. ஆனால் மேஸ்திரியின் தங்கைக்கு இடது கால் குட்டை. அதைப் போட்டால்தான் அவளால் நடக்க முடியும். இருந்த ஜோடி தேய்ந்து பிய்ந்ததும் அவள் நாற்காலியோடு முடங்கினாள். ஒரு மதியம் பதினேழாம் நம்பர் மட்டும் வரிசையை விட்டு விலகி, டக்-தொம், டக்-தொம் என்று தெருவெல்லாம் நடந்து அவள் வாசலில் வந்து நின்றது. "வந்துட்டியா?" என்று கேட்டுப் போட்டுக்கொண்டாள். யாரோ இப்போதுதான் கழற்றிய மாதிரி உள்ளே சூடாக இருந்ததாம். அது தேயவே இல்லை.

நன்றாக விற்ற இரண்டு ரகங்களை மட்டும் முதலாளி வைத்திருந்தார். அடுத்த கப்பல் கொண்டுவந்ததும் அதே இரண்டைத்தான். தொழிற்சாலையைப் பூட்டிய பிறகே மனிதருக்குப் புத்தி வந்தது: எந்தக் கப்பலும் பதினேழாம் நம்பரைக் கொண்டுவராது, அதைக் கேட்டு அலைகிறவர்களோ ஊருக்கு ஊர் இருந்தார்கள். அச்சுக்கட்டைதான் சாம்பலாகிவிட்டதே! முதலாளி மேஸ்திரியின் வீட்டுக்கு வந்து, தங்கையின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதைப் பிரிச்சாத்தான் அளவு கிடைக்கும், மேஸ்திரி."

"புதுசு சரியா அமையலைன்னா என் தங்கச்சி என்ன பண்ணுவா, முதலாளி?"

"பிரிச்சுடுண்ணா," என்றாள் தங்கை. "இன்னும் எத்தனை பேர் நாற்காலியில உட்கார்ந்திருக்காங்களோ."

கத்தி பட்டதும் தோல் முனகியது. மேஸ்திரி அழுதுகொண்டேதான் பிரித்தார். கடைசித் தையல் விட்டபோது, வெறுந்தரையில் டக்-தொம் என்று ஒரு தடவை கேட்டது.

தொழிற்சாலை மறுபடி திறந்தது. செய்வது அந்த ஒரே ரகம். முதல் ஜோடியைத் தங்கை போட்டுப் பார்த்தாள். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. அவள் நடக்கும்போது இரண்டடி பின்னால் இன்னொரு டக்-தொம் கேட்கும். தெருமுனையில் அவள் நின்று, அது வந்து சேர்ந்த பிறகே சாலையைக் கடப்பாள். வண்டிக்காரர்களும் இரண்டு பேர் போகிற நேரம் பொறுத்துத்தான் வண்டியை எடுக்கிறார்கள்.