ஆறாத தட்டு

மின்சாரம் பற்றாமல் போன ஒரு மதியம், அலுமினியத் தொழிற்சாலையின் நூற்றிருபது தொட்டிகளும் உலைக்காரரின் ஆறு வயது மகளுக்கு அடித்த காய்ச்சலில் மூன்று மணி நேரம் ஓடின. மலையில் வெட்டிய செம்மண்ணைச் சுத்திகரித்து வெள்ளைப் பொடியாக்குவதோடு வேலை முடிவதில்லை. அந்தப் பொடியை உருக்கி உலோகத்தைப் பிரிக்கக் கரண்டு வேண்டும். ஊருக்கு வரும் கரண்டு முழுவதையும் கொடுத்தாலும் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. நாலைந்து மணி நேரம் கரண்டு நின்றால் தொட்டிக்குள் இருப்பது பாறையாக இறுகிவிடும், சம்மட்டியால் உடைத்தெடுக்க மாதக்கணக்காகும். அதனால் தொட்டிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மகள் புழுக்கத்தில் துடிக்கிறாளே என்று உலைக்காரர்தான் முந்தின நாள் தொழிற்சாலைக் கம்பியிலிருந்து வீட்டு மின்விசிறிக்குக் கொக்கி போட்டிருந்தார். கம்பிக்கு வழி தெரிந்துவிட்டது. காய்ச்சல் மடமடவென்று இறங்கியபோது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

அடுத்த முறை கரண்டு குறைந்தபோது குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. உடம்பில் இருந்த சூட்டைக் கம்பி எடுத்துக்கொண்டது. உலைக்காரர் கொக்கியைப் பிடுங்கி எறிந்தும் பயனில்லை. மூன்று போர்வைக்குள்ளும் அவள் விடியற்காலைப் பாத்திரம் போலச் சில்லென்று கிடந்தாள். மனைவியின் அக்கா வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார், அந்தத் தெருவிலும் மின்கம்பம் இருந்தது. "அந்தக் கொக்கியப் போடாம இருந்திருக்கலாம்" என்று மனைவி ஒரே ஒரு முறை சொன்னாள். உலைக்காரர் தொழிற்சாலை மேலாளரிடம் போய் முறையிட்டார். மேலாளர் கெட்டவரல்ல. "தொட்டி இறுகிட்டா இருநூறு குடும்பம் தெருவுல நிக்கும். எந்தத் தொட்டிய நிறுத்தட்டும், நீங்களே சொல்லுங்கண்ணே" என்றார். உலைக்காரர் தன் தொட்டிக்கே திரும்பிப் போனார், அதில் பொடி போட வேண்டிய நேரமாகியிருந்தது.

அலுமினியம் சட்டென்று சூடாகும், சட்டென்று ஆறும். அந்த நாட்களில் வார்த்த அலுமினியம் மட்டும் ஆறவில்லை. அதில் செய்த தட்டுகளும் தம்ளர்களும் கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்தன. உலைக்காரருக்குக் கிடைத்தது ஒரே ஒரு தட்டு. மகள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இது என் சூடுதானேப்பா?"

"ஆமாடா கண்ணு."

"மிச்சத்தையும் வாங்கிட்டு வந்துடுங்க."

மிச்சம் ஊர் முழுக்கப் பரவிவிட்டிருந்தது. இப்போது அங்கே யார் வீட்டிலும் சோறு ஆறுவதில்லை. பகல் வேலை முடிந்ததும் உலைக்காரர் டீக்கடைக்குப் போவார். டீ தீர்ந்த பிறகும் ஆறாத தம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். கடைக்காரர் அதை மட்டும் கடைசியாகத்தான் கழுவுவார்.