எண்ணப்படாத கை

மேப்பிள் இலைகள் செந்நிறம் கொள்ளத் தொடங்கியிருந்த, கம்பள ஆலையின் சக்கரத்தைச் சுழற்றிய ஆறும் சற்றே ஓய்ந்து ஒழுகிய ஒரு பிற்பகலில், வெர்மான்ட் மலைச்சாரலில் உள்ள ஹார்லோ ஊரின் தேவாலய மன்றத்தில் ஆடவரெல்லாம் குழுமி, சட்டமன்றத்துக்குத் தம் ஆளைத் தேரக் காத்திருந்தனர். வாயிலில் ஆப்பிள் கள் பீப்பாய் பீப்பாயாய்த் திறந்திருந்தமையால், காத்திருப்பு எவர்க்கும் கசக்கவில்லை.

கள் வார்த்தவர் ஆல்வா ஹாஸ்கின்ஸ். அக்கம்பள ஆலைக்கு உரியவர், உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்து மீண்ட படைத்தலைவர். அப்போருக்குப் புறப்பட்ட ஊர் இளைஞர், அன்பரே, தம் தலைவரைத் தாமே கைதூக்கித் தேர்ந்தனர். போர் அறிந்தவரையா தேர்ந்தனர்? நன்றாய்ப் பாடி, நகைக்கப் பேசி, கள் வாங்கித் தந்த ஆல்வாவையே தேர்ந்தனர். அவ்விளைஞருள் பெரும்பாலோர் ஒரே காலையில், ஒரு கற்சுவரின் முன்னே, அவர் சொற்கேட்டு எழுந்து நின்று மாண்டனர். அன்றே அவர் நெஞ்சம் மரத்துப்போயிற்று. ஆலை செழித்தது, அந்த மகிழ்ச்சியும் அவரைத் தொடவில்லை. ஊரார் மீண்டும் தமக்குக் கைதூக்கினால் உள்ளே ஏதேனும் அசையுமென்று நம்பியே இத்தேர்தலுக்கு வந்து நின்றார்.

அவைத்தலைவர் பெர்டி எழுந்தார். “ஆல்வா வேணும்ங்கிறவங்க கை தூக்குங்கப்பா! ரூபன், கோப்பையைக் கீழ வச்சிட்டுத் தூக்கு. கள்ளுக்கு ஓட்டு கிடையாது!”

மன்றம் நகைத்தது, கைகள் நிறைந்தன. ஆல்வா நோக்கினார். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

“வேணாம்ங்கிறவங்க?”

வேடிக்கை பார்க்க வந்த மகளிர் அமர்ந்திருந்த கடைசி வரிசையில், கைம்பெண் கெசியாவின் கை ஒன்று மட்டும் எழுந்தது.

“கெசியா, பொம்பளைங்களுக்கு ஓட்டு இல்லம்மா.”

“அது எனக்கும் தெரியும் பெர்டி. இது என் மகன் ஜேபஸோட கை. அன்னிக்கு இவருக்காகத் தூக்கினான். தூக்கினது தப்புன்னு சொல்லத்தான் அவனுக்கு நேரம் கெடைக்கல.”

பெர்டி அந்தக் கையை எண்ணாமலே முடிவைக் கூறினார். வென்றவர் முதற்கோப்பையைத் தம் கையால் வழங்குவது அவ்வூர் வழக்கம். ஆல்வா இடக்கையில் அதனை ஏந்தி, எவரையும் நோக்காது நடந்து, கெசியாவிடம் நீட்டினார். அவள் ஒரு மிடறு பருகினாள்.

“நல்லாத்தான் இருக்கு ஆல்வா. அன்னிக்குக் கள்ளு குடிச்சிட்டு வீட்டுக்கு வந்து அவனும் இப்படித்தான் சொன்னான்.”

ஆல்வா அழுதுவிடலாம் என்று முயன்றார், கண்ணீர் வரவில்லை. பின்னாளில் ஆற்றுக்குப் பாலம் கட்டுவித்தார். நல்லவர் என்றே ஊர் சொல்லிற்று. ஆயினும் அப்பிற்பகலில், வெற்றுச் சட்டைக்கையினுள்ளே, இல்லாத கை வலித்தது. இருந்த நெஞ்சோ வலிக்கவில்லை. அதனினும் கொடிய தோல்வியை யான் கண்டதில்லை.