பின்னறைக் கல்யாணம்

சபை மூப்பர் கூட்டத்தில் பதினொரு பேர். ஐந்து பேர் கை தூக்கினார்கள், ஐந்து பேர் தூக்கவில்லை. மிச்சம் இருந்தவள் ஹொத்னிடா.

கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமானால், அந்த ஜோடி சபைக்கு முன்னால் நின்று பாவ அறிக்கை செய்ய வேண்டும். பிறகு பின்னறையில், பாட்டும் மணியோசையும் இல்லாமல் கல்யாணம். தோபா ஏரிக்கரையில் இருந்த அந்தக் கிறிஸ்தவச் சபையில் நெடுங்காலமாக இதுதான் விதி. அதை எடுத்துவிடலாம் என்றார் புதிதாக வந்த இளம் போதகர். லாம்தியார் என்ற பெண்ணுக்கு அப்போது நான்காம் மாதம்.

முப்பத்தெட்டு வருடம் முன்பு ஹொத்னிடாவும் அப்படி நின்றவள்தான். விதி இருக்கட்டும் என்ற மூப்பர், கிழவர் ஜாவுலுங், அதைத்தான் பேச்சில் இழுத்தார்.

"நீயே நின்னவதானேம்மா. கெட்டா போயிட்ட? இன்னிக்கு மூப்பரா உக்காந்திருக்க."

அவள் ஒரு வாரம் தவணை கேட்டுவிட்டு எழுந்தாள்.

வீட்டில் புருஷன் மரோஜஹான் வெங்காயத்தைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். அதெல்லாம் எப்போதோ மறந்தாயிற்று என்றான்.

"உங்களால மறக்க முடியும். அன்னிக்கு எல்லாரும் பாத்தது என் வயித்தத்தான்."

அவன் கை நின்றது. அவள் அதற்குமேல் அங்கே இருக்க முடியாமல் வெளியே வந்தாள். கரையோரம் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். மூப்பரான பிறகு இரண்டு பெண்களை அவளே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் சபைமுன் நிறுத்தியிருந்தாள். தனக்கு நடந்தது நியாயம் என்று நம்பியதால்தான் அதைச் செய்ய முடிந்தது. இப்போது விதியே தப்பு என்றால், அந்த இருவர் முகத்தில் எப்படி விழிப்பது?

சனிக்கிழமை லாம்தியார் வீட்டுக்குப் போனாள். அந்தப் பெண் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மேடான் நகரத்தில் வேறொரு சபையில் கல்யாணமாம்.

"நாளைக்குத்தான் முடிவு தெரியும். ஒரு நாள் பொறுக்கக்கூடாதா?" என்றாள் ஹொத்னிடா.

"நீங்க கை தூக்கினாலும் சரி, தூக்காட்டியும் சரி அத்தை. நான் நிக்கமாட்டேன். எனக்கும் அவருக்கும் நடுவுல நடந்தத பதினோரு பேர் உக்காந்து பேசினதே போதும்."

நிற்கமாட்டேன் என்று ஒருத்தி சொல்லலாம் என்பதே ஹொத்னிடாவுக்கு அதுவரை தோன்றியதில்லை. தனக்கு வந்தது பொறாமையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆசீர்வாதம்கூடச் சொல்லாமல் படியிறங்கினாள்.

மறுநாள் கை தூக்கினாள். விதி போயிற்று. ஜாவுலுங் அவளைப் பார்க்காமலே தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். லாம்தியார் திரும்பி வரவில்லை.

தான் நிறுத்திய பெண்களில் ஒருத்தியைத் தேடி ஹொத்னிடா பக்கத்து ஊருக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் காபி கொடுத்தாள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினாள், அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொருத்தி எங்கே இருக்கிறாள் என்று ஹொத்னிடா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.